பக்கப் பார்வை

அந்தப் பெண்ணின் மேல் என் வேன் மோதியது காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால். நல்ல வெளிச்சம். மழை இல்லை, தெருவில் மாடு இல்லை, எதிரே வாகனமும் வரவில்லை. வேனுக்குள் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். எத்தாளைப் பக்கத்திலிருந்து கற்பிட்டிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிப் போவது பதினொரு வருடமாக என் தொழில். அதற்கு முன்னால் லொறி ஓட்டினேன். என் வாகனத்தில் ஒரு கோழி கூட அடிபட்டதில்லை என்று ஆட்களிடம் சொல்லிக்கொள்வேன்.

தோட்டங்களுக்குப் போகும் மணல் பாதை ஒன்று பிரதான தெருவில் வந்து சேரும் இடம் அது. அதற்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைப்பதற்காகத் தெருவின் குறுக்கே மேடு போட்டிருக்கிறார்கள். வேனை மெதுவாக்கி மேட்டில் ஏறி இறங்கினேன். முன் இருக்கையில் இருந்த சிறு பெண்பிள்ளை "மாமா, ஆள்!" என்று கத்தினாள். எனக்கு ஆள் ஒருவரும் தெரியவில்லை. இடப்பக்கத்தில் தகரத்தில் அடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். இறங்கி மறுபக்கம் போய்ப் பார்த்தபோது சைக்கிள் ஒன்று ஓரத்துப் பள்ளத்தில் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் மணலில் உட்கார்ந்து, தன் இடது கையை வலது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். சைக்கிள் கூடையிலிருந்து விழுந்த சோற்றுப் பார்சல் அவிழ்ந்து கிடந்தது. அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப் பாத்துக்கொண்டுதானே வந்தீங்க, அண்ணன்?"

"நான் ஒங்களக் காணல்ல. எங்க இருந்து வந்தீங்க நீங்க?"

"நான் வரல்ல. இதில நிண்டுகொண்டு இருந்தன். நீங்க என்னப் பாத்தீங்க, வேன ஸ்லோ பண்ணினீங்க. வழி விடுறீங்க எண்டு நினைச்சுத்தான் கால எடுத்து வெச்சன்."

அவள் பொய் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். வலியில் உளறுகிறாள் என்று கூட நினைக்கவில்லை. பொய் என்றே நினைத்தேன். அவள் எங்கிருந்தோ திடீரென்று வந்து விழுந்தாள். என் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மணிக்கட்டு உடைந்திருப்பதாகச் சொல்லிக் கட்டுப் போட்டார்கள். பொலிஸில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். திடீரென்று குறுக்கே வந்தார் என்று சொன்னேன். அவளும் தன் பக்கத்தைச் சொன்னாள். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு விபத்தும் இல்லாமல் வாகனம் ஓட்டியவன், ஒன்பது பிள்ளைகளின் பெற்றோர் நம்பி அனுப்புகிறவன் என்று எனக்காகக் கதைக்க ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அவளுக்காகக் கதைக்க அவளுடைய தாய் மட்டும் வந்திருந்தாள். கடைசியில் இரண்டு பக்கமும் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். போனோம்.

நான்காம் நாள் நான் மறுபடியும் வேனை எடுத்தேன். அதன் பிறகு ஐந்து மாதம் அதே தெருவில், அதே பிள்ளைகளை ஏற்றி ஓட்டினேன்.

அந்த விபத்துக்கு முன்னாலும் சில விஷயங்கள் நடந்தன. அவற்றைப் பின்னால்தான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். வீட்டுக் கேற்றின் இடது தூணில் வேனை இரண்டு தடவை உரசினேன். தூண் சாய்ந்துவிட்டது என்று மேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, தூண் நேராகத்தான் நிற்கிறது என்றார். வேனின் இடது பக்கக் கண்ணாடி ஒரு மரக்கிளையில் அடித்து உடைந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து எழும்போது பக்கத்தில் இருந்தவரின் கையை மிதித்துவிட்டேன். சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த தண்ணீர்க் கிளாஸைத் தட்டிவிடுவேன். மனைவி கிளாஸை எப்போதும் வலப்பக்கமாக வைக்கத் தொடங்கினாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"வயசு போகுதுதானே," என்று ஒருநாள் சொன்னாள். "கவனம் கொறயும்."

கவனம் என்றுதான் நானும் நினைத்தேன். கண் என்று நினைக்கக் காரணமே இல்லை. கண்ணில் வலியில்லை, சிவப்பில்லை, தண்ணீர் வடியவில்லை. தூரத்தில் வருகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையை மற்றவர்களுக்கு முன்னால் நான் வாசிப்பேன். லைசன் புதுப்பிக்கப் போனபோது சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். "இந்த வயசில இப்பிடிக் கண்ணா?" என்று எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் சொன்னார். அதை வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். எனக்கு அப்போது அறுபது நடந்துகொண்டிருந்தது.

கிட்டத்தில் உள்ள எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கியது. குர்ஆன் ஓதும்போது கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. விபத்து நடந்து ஐந்தாம் மாதம், எங்கள் பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் வயதானவர்களுக்கு இலவசமாகக் கண் பார்த்து வாசிப்புக் கண்ணாடி கொடுக்கிறார்கள் என்று பள்ளிவாசலில் அறிவித்தபோது, கண்ணாடி ஒன்றை வாங்கி வரலாம் என்று போனேன். அவ்வளவுதான். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, அப்படியே வேனோடு அங்கே போனேன்.

மண்டபத்தில் அறுபது எழுபது பேர் கதிரைகளில் இருந்தார்கள். பெரும்பாலும் கடலுக்குப் போய் வந்தவர்கள், தோட்டம் செய்தவர்கள், அவர்களின் மனைவிமார். எல்லோரும் கண்ணாடி எடுக்கத்தான் வந்திருந்தார்கள். என் முறை வந்ததும் ஓர் இளைஞர் கண்ணில் ஏதோ சொட்டு விட்டு, நீல வெளிச்சம் ஒன்றைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தார். இடது கண்ணை இரண்டு தடவை பார்த்தார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.

"ஐயா, கண்ணுக்குள்ள பிரஷர் கூடுதலா இருக்கு," என்றார் அந்த இரண்டாமவர்.

"எனக்குப் பிரஷர் இல்ல. போன மாசமும் பாத்தது."

"அது வேற பிரஷர். இது கண்ணுக்குள்ள இருக்கிறது. நீங்க புத்தளத்துக் கண் கிளினிக்குக்குப் போகணும். பிந்தாமப் போங்க."

ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். வாசிப்புக் கண்ணாடியும் கொடுத்தார்கள். எனக்குக் கண்ணாடி கிடைத்ததே போதும் என்று இருந்தது. துண்டை வேனின் சூரிய மறைப்பில் செருகி வைத்தேன். மனைவி இரண்டு வாரம் கழித்து வேனைத் துடைக்கும்போது அதைக் கண்டெடுத்து, என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கிளினிக்குக்கு அனுப்பினாள்.

கிளினிக்கில் ஒரு இருட்டறையில் உட்கார வைத்தார்கள். முன்னால் பெரிய வெள்ளைக் கிண்ணம் போல ஒரு இயந்திரம். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, கிண்ணத்தின் நடுவில் உள்ள ஒரு சிறிய வெளிச்சத்தை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும், காணும் ஒவ்வொரு தடவையும் கையிலுள்ள பொத்தானை அமத்த வேண்டும். வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணில் தொடங்கினார்கள். நான் நடுவில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இடைக்கிடை ஒன்று வந்தது, அமத்தினேன். மறுபடி நெடு நேரம் ஒன்றும் இல்லை. இயந்திரத்துக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மிஸ், மெஷின் இன்னும் தொடங்கல்ல போல," என்றேன்.

இயந்திரத்தை இயக்கிய இளம் பெண் தன் திரையைப் பார்த்தாள். பிறகு, "முடியப் போகுது ஐயா. நடுவால பாத்துக்கொண்டு இருங்க," என்றாள்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். என் மகளின் வயது இருக்கும். சிங்களத்தில்தான் பேசினார். லொறி ஓட்டிய காலத்தில் எனக்குச் சிங்களம் நன்றாகப் பழகியிருந்ததால் எல்லாம் விளங்கியது. மேசையில் ஒரு கடதாசியை வைத்தார். அதில் இரண்டு வட்டங்கள். வலது கண்ணுடைய வட்டத்தின் இடப்பக்க ஓரம் கறுத்திருந்தது. இடது கண்ணுடையது நடுவில் ஒரு தீவு போலக் கொஞ்சம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு.

"இந்தக் கறுப்பு எல்லாம் நீங்கள் காணாத இடம்," என்றார்.

"எனக்குக் கறுப்பாக ஒன்றும் தெரிவதில்லையே."

"தெரியாது. இருட்டாகத் தெரிந்தால் எல்லோரும் முதலிலேயே வந்துவிடுவார்கள். அந்த இடம் இல்லாமலே போய்விடும். இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியாது."

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறி வடிய வேண்டும், வடியாமல் தங்கினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் கண்ணின் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், அதற்குக் குளுக்கோமா என்று பெயர் என்று விளக்கினார். நாற்பது தாண்டியவர்கள் வலி இல்லாவிட்டாலும் ஒரு தடவையாவது கண் அழுத்தம் பார்க்க வேண்டும் என்றார். நான் எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்ததைச் சொன்னேன்.

"இப்போதும் வாசிப்பீர்கள். நேரே பார்க்கிற பார்வை கடைசியில்தான் போகும்."

"மருந்து போட்டால் திரும்பி வருமா?"

"போனது வராது. மிச்சத்தை வைத்திருக்கத்தான் மருந்து." என் கிளினிக் நோட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். "என்ன தொழில்?"

"ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன்."

எழுதுவதை நிறுத்திப் பேனையை வைத்தார். "இன்றைக்கு எப்படி வந்தீர்கள்?"

"பஸ்ஸில்."

"நல்லது. இனியும் பஸ்ஸிலேயே வாருங்கள்."

பிறகு, சகோதரங்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இது குடும்பத்தில் வருகிற வருத்தம், பரம்பரை நோய் என்றார். கண்டக்குழியில் ஒரு நானா, மூத்த சகோதரர், இருக்கிறார் என்றேன். அவருக்குக் கண் எப்படி என்று கேட்டார். வெள்ளை படர்ந்திருக்கிறது, கண்புரை, முத்தினதும் ஒப்பரேஷனில் வெட்டுவதற்காகக் காத்திருக்கிறார் என்றேன். "யார் பார்த்து வெள்ளை என்று சொன்னது?" என்று கேட்டார். அப்படிச் சொன்னவன் நான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். முன்னால் இருந்தவரின் காது தெரிந்தது. அவருடைய தோள் இல்லை. ஜன்னல் இல்லை. பக்கத்தில் இருந்தவர் இல்லை. கையை எடுத்தேன். எல்லாம் இருந்தது. நாலைந்து தடவை அப்படி மூடித் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஓம் என்றேன். ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். பயமோ அழுகையோ வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். கொட்டிலடியில் பஸ் நின்றபோது இறங்க வேண்டும் என்று கூட நினைவில்லாமல் அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய்விட்டேன்.

அன்று பின்னேரமே பெற்றோர்கள் எல்லோருக்கும் போனில் கோல் எடுத்தேன். கண்ணில் வருத்தம், நாளையிலிருந்து ஓட்ட மாட்டேன், வேறு வேன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வசனத்தை ஏழு வீடுகளுக்குச் சொன்னேன். ஆறு பேர் கவலைப்பட்டார்கள், துஆச் செய்வதாகச் சொன்னார்கள். முன் இருக்கையில் இருந்த அந்தச் சிறு பெண்பிள்ளையின் தாய் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்ப இருந்து ஒங்களுக்குக் கண் தெரியாம, நானா?"

"ரெண்டு மூணு வருஷமா ஈக்கும் ண்டு சொல்றாங்க. எனக்குத் தெரியாது."

அவள் கோலைத் துண்டித்தாள். ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் காலையில் ஆறு மணிக்கு எழும்பி, சாவியை எடுத்து, வேனைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நான் கிளாஸ வலப்பக்கம் வெச்சிருக்கக் கூடா," என்றாள். "தட்டித் தட்டி விழுந்திருந்தா நீங்க யோசிச்சிருப்பீங்க."

நான் சாவியைத் திரும்ப இருந்த இடத்தில் வைத்தேன்.

நானாவிடம் போக எனக்கு இன்னும் ஒரு வாரம் எடுத்தது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண்டக்குழியில் சொந்தப் படகில் கடலுக்குப் போனவர். ஆறு வருடத்துக்கு முன்னால் பார்வை குறைகிறது என்று கடலை விட்டார். என் மாமிக்கு, மனைவியின் தாய்க்கு, கண்ணில் வெள்ளை படர்ந்து, அது முத்தும் வரைக்கும் காத்திருந்து வெட்டி, பிறகு ஊசியில் நூல் கோர்க்கும் அளவுக்குப் பார்வை வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் நானாவிடம் சொன்னேன், அவசரப்படாதீங்க, நல்லா முத்தட்டும், பிறகு வெட்டுவம் என்று. ஒவ்வொரு பெருநாளைக்கும் போய், முத்திவிட்டதா என்பது போல அவர் கண்ணைப் பார்ப்பேன். கண்மணி கறுப்பாகவே இருந்தது. இன்னும் முத்தவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரு நாளும் அது வெள்ளையாக இருக்கவில்லை.

நான் போனபோது அவர் வீட்டு வளவில் பிளாஸ்டிக் கதிரையில் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக் காலம். வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பட்டங்களில் தொங்கிக்கொண்டு தண்ணீர் மேல் ஓடுகிற காலம்.

"பட்டம் வந்திட்டுதா?" என்று கேட்டார்.

"ஓம், நெறய ஈக்குது."

"சத்தம் கேக்குது. நெறம் தெரியல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். என் கண், கடதாசியின் கறுப்பு, டொக்டர் கேட்ட கேள்வி. அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எனக்கும் அதா?"

"தெரியல்ல. பாத்தாத்தான் தெரியும். வாங்க போவம்."

அவரையும் அதே டொக்டர்தான் பார்த்தார். வலது கண்ணுக்கு நேரே டோர்ச்சை அடித்தார்.

"தெரிகிறதா?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"என்னது?" என்றார் நானா.

டோர்ச்சை இடது கண்ணுக்குக் கொண்டுபோனார். "ஆ, வெளிச்சம்," என்றார் நானா. ஒரு பக்கத்தில் மட்டும் தெரிகிறது என்று கையால் காட்டினார். வலது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இடது கண்ணில் உள்ளதைக் காப்பாற்ற மருந்து போட்டுப் பார்ப்போம் என்றார் டொக்டர். ஆறு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி, "அதைக் கேட்காதீர்கள்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் நானா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் பாலாவியைத் தாண்டியது.

"நீங்க என்ன ஏசலாம் நானா," என்றேன்.

"என்னத்துக்கு?"

"முத்தட்டும் ண்டு சொன்னது நான்தானே."

"நீ சொன்னதுக்காக மட்டும் இருந்ததில்ல. எனக்குப் பயம். கண்ணில கத்தி வெப்பாங்க ண்டு. முத்தட்டும் ண்டு நீ ஒவ்வொரு பெருநாளும் சொல்லக்குள்ள எனக்கு ஆறுதலாத்தான் இருந்த. இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம் ண்டு."

அதைக் கேட்டு என் பாரம் குறைந்ததா என்றால் இல்லை. கூடவும் இல்லை. அவர் கை என் கையில் இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். மன்னிப்பு என்பதைவிட, அவள் பொலிஸில் சொன்னது உண்மை என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவள் தன் வீட்டு முற்றத்தில் வெங்காயத்தின் காய்ந்த தாள்களை நறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்த்து மாதங்கள் ஆகியிருந்தன. மணிக்கட்டு ஒரு பக்கம் கோணியிருந்தது. வெங்காயத்தை அந்தக் கையின் விரல் நுனிகளால் பிடித்து, மற்றக் கையால் நறுக்கினாள். எழும்பவில்லை. இருக்கச் சொன்னாள்.

என் கண்ணைப் பற்றிச் சொன்னேன். "நீங்க நிண்டுகொண்டுதான் இருந்தீங்க. நான் ஒங்கட பக்கம் பாத்துக்கொண்டுதான் வந்திருப்பன். ஆனா காணல்ல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் குறுக்க வரல்ல?"

"இல்ல."

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே அப்பிடித்தான் எண்டு வந்திட்டுது, அண்ணன். தெருவுக்கு ஏற முந்தி இப்ப பத்துத் தரம் பாக்கிறன். ஒரு வாகனமும் இல்லாட்டியும் கால் வருகுதில்ல."

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். இரண்டு மூன்று வெங்காயம் நறுக்கிய பிறகு கேட்டாள்.

"எங்கட அம்மாவும் கதவில மோதுறா. கறிக்கு உப்பு ரெண்டு தரம் போடுறா. வயசு எண்டு விட்டுட்டம். அதுவும் இதுதானோ?"

"தெரியா. காட்டுங்க. அங்க புதன்கிழமை பாக்கிறாங்க." என் கிளினிக் கொப்பியை எடுத்து, அறையின் இலக்கத்தையும் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவளுக்கு எழுத ஒரு துண்டு கிடைக்கவில்லை. சொன்னதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தாள்.

அவளுடைய தாய்க்கு இருந்தது வெள்ளை. உண்மையான வெள்ளை. இரண்டு கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக் கண்ணாடி வில்லை வைத்தார்கள். முத்துவதற்குக் காத்திருக்கத் தேவையே இல்லை, அந்தக் காலத்துக் கதை அது என்று அங்கே சொன்னார்களாம். கிளினிக்கில் ஒருநாள் அந்த அம்மாவைக் கண்டேன். என் சேட்டில் ஒரு பொத்தான் இல்லை என்று எனக்குச் சொன்னார். சந்தோஷம் என்றேன். சந்தோஷம் என்று சொல்ல வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது.

நோன்பு வந்தபோது நானா மருந்தை நிறுத்திவிட்டார். எனக்கு இரவில் மட்டும் ஒரு சொட்டு. அவருக்குக் காலையிலும் போட வேண்டும். கண்ணில் விட்டால் தொண்டையில் கசக்கிறது, நோன்பு முறிந்துவிடும் என்று பன்னிரண்டு நாளாக விடாமல் இருந்திருக்கிறார். மதினி சொல்லித்தான் தெரிந்தது. பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது, விடுங்கள் என்றார் ஹஸ்ரத். பிறகு, தன் வாப்பாவும் இப்படித்தான் ஒரு மருந்தை நோன்பு முழுக்க நிறுத்தி வைத்தார் என்றார். அவருக்கு இப்போது எப்படி என்று நான் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் முடிந்து, கண் மருந்து போடுகிறவர்கள் நோன்பிலும் போடலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது நாலு பேர் என்னிடம் வந்து, தாங்களும் நிறுத்தி வைத்திருந்ததாகச் சொன்னார்கள். நால்வரையும் எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவர்கள் கண்ணுக்கு மருந்து போடுவது தெரியாது.

வேன் போய்விட்டது. கனமூலையில் ஒருவர் வாங்கினார். இப்போது நான் எங்கே போனாலும் நடந்து அல்லது பஸ்ஸில். தெருவில் நடக்கும்போது தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து நடக்கப் பழகிவிட்டேன். தெரியாதவர்கள் யாரையோ தேடுகிறேன் என்று நினைப்பார்கள்.

குடும்பத்தில் எல்லோரும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று டொக்டர் கொப்பியில் எழுதியிருந்தார். கட்டாரில் இருக்கிற என் மகன், லீவில் வரும்போது பார்க்கிறேன் என்றான். மகள் போய்ப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. நானாவின் மூத்த மகளுக்கு நாற்பத்திரண்டு வயது. வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிற வேலை. கண் நன்றாக இருக்கிறது, தைக்கிறேனே என்று பல தடவை தட்டிக் கழித்தாள். கடைசியில் போன மாதம், எங்கள் கிளினிக் நாளில் மூன்று பேருமாகப் போனோம். என்னையும் நானாவையும் பார்த்து முடித்த பிறகு அவளை உள்ளே அழைத்தார்கள். நாங்கள் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அந்த வெள்ளைக் கிண்ணத்தின் முன்னால் அவள் இருக்கும் நேரம் முழுக்க உள்ளேயிருந்து டிக் டிக் என்ற சத்தம் வெளியே கேட்டது. பொத்தான் அமத்துகிற சத்தமும் கேட்டது. அடிக்கடி கேட்டது.

கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிரஷர் கூடுதலாம், சாச்சா. மருந்து தந்திருக்காங்க. வாழ்நாள் முழுக்கப் போடணுமாம்."

"பார்வை?" என்று கேட்டேன்.

"ஒண்டும் போகல்லயாம். இப்ப வந்தது நல்லம் ண்டு சொன்னாங்க."

நானா அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். "என்ன சொல்றா?"

"ஒண்டும் போகல்ல வாப்பா. மருந்து மட்டும்."

"அப்ப சரி," என்றார் நானா. கையை நீட்டினார். அவள் பிடித்து எழுப்பினாள். மருந்து கொடுக்கிற இடத்தில் நீளமான வரிசை. அவள் அவரைச் சுவரோரம் ஒரு கதிரையில் இருத்திவிட்டு, மூன்று கொப்பிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.